நைட் டியூட்டி முடிந்த காலை: உடனே தூங்குவதா, பிரித்துத் தூங்குவதா, இரவு வரை தாங்குவதா?

நைட் டியூட்டி நர்ஸாக விடிகாலை 4 மணிக்கு எழுதிய நோயாளியின் சார்ட்டை அப்புறம் பகலில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். இரவு 10 மணி வரிசையில் என் எழுத்து கட்டத்துக்குள் நேராக நிற்கிறது. 2 மணி வரிசையில் கொஞ்சம் சாய்கிறது. 4 மணி வரிசையில் சிறுநீர் அளவைக் குறித்த எண் கட்டத்தை விட்டு இறங்கிக் கிடக்கிறது. அதன் வாலிலிருந்து பேனா கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றிருக்கிறது. அந்தக் கோடு விழுந்தபோது நான் தூங்கியிருக்கிறேன். ஓரிரு விநாடிதான், அதுவும் நின்ற நிலையில். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

12 மணி நேர ஷிஃப்ட் என்று சொல்கிறோம். ஹேண்ட்ஓவர் (அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது), எழுதாமல் விட்டுப்போன குறிப்புகள், போக வர ஆகும் நேரம் எல்லாம் சேர்த்தால் 14 மணி நேரம் ஓடிவிடுகிறது. முடித்துவிட்டு வாசலுக்கு வந்தால் எதிரே வெயில். எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்போது நம் முன்னால் ஒரு முடிவு நிற்கிறது: வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுவதா, காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்வதா, இல்லை இரவு வரை தாங்கி எல்லோரோடும் சேர்ந்து தூங்குவதா?

மூன்றையும் பல வருடங்களாகச் செய்து பார்த்திருக்கிறேன். எது எப்போது பொருந்தும் என்பதை எனக்கு ஒரே கேள்விதான் தீர்மானிக்கிறது: இன்று இரவு மறுபடியும் டியூட்டி உண்டா, இல்லையா? 'இப்போது எவ்வளவு களைப்பாக இருக்கிறது' என்பதை வைத்து முடிவு செய்தபோதெல்லாம் தவறான முடிவைத்தான் எடுத்திருக்கிறேன். களைத்துப்போன மூளைக்குத் தன் களைப்பையே சரியாக அளக்க வராது. அதனால் முடிவை ஷிஃப்ட் முடிந்த வாசலில் எடுக்க வேண்டாம். டியூட்டி அட்டவணையான ரோஸ்டர் கைக்கு வந்த அன்றே எடுத்துவிடலாம். என் ரோஸ்டரில் ஒவ்வொரு நைட்டுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஓர் எழுத்து இருக்கும்: உடனே என்றால் 'உ', பிரித்து என்றால் 'பி', இரவு வரை என்றால் 'இ'.

படுத்தும் ஏன் தூக்கம் முறிகிறது?

இது தெரிந்தால்தான் மூன்று வழிகளின் வித்தியாசமும் புரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேர இந்த அழுத்தம் கூடுகிறது. தூங்கினால் குறைகிறது. இன்னொன்று, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸில், அரிசிமணியைவிடச் சிறிய ஒரு நரம்புக் கொத்துதான் அந்தக் கடிகாரம். நாம் தூங்கினோமா இல்லையா என்பதைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. வெளிச்சத்தைப் பார்த்து நேரம் சொல்கிறது.

விடிகாலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள் உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. சார்ட்டில் எழுத்து சரிந்த நேரம் அதுதான். அதற்கப்புறம் கடிகாரம் 'எழுந்திரு' என்று சொல்லத் தொடங்கிவிடும். நாம் காலை 9 மணிக்குப் படுக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருப்பதால் தலை சாய்ந்ததும் தூக்கம் வந்துவிடுகிறது. நாலைந்து மணி நேரத்தில் அழுத்தம் பாதியாகக் குறைகிறது, ஆனால் கடிகாரம் நடுப்பகலைக் காட்டுகிறது. அதனால்தான் மதியம் 1 மணிக்கு, 2 மணிக்குக் கண் விழித்துவிடுகிறோம். கண் எரியும், உடம்பு வலிக்கும், ஆனால் தூக்கம் வராது. இதை 'எனக்குத் தூக்கமின்மை நோய் வந்துவிட்டது' என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படிப் பயந்தவள்தான். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. கடிகாரம் அதன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

எந்த வழியாக இருந்தாலும், முதலில் வீடு போய்ச் சேர வேண்டும்

17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். முதல் நைட் அன்று பகலில் தூங்காமல் வந்திருந்தால் காலையில் நாம் அந்த 24 மணி நேரத்தில்தான் இருக்கிறோம். அப்படியே சாவியை எடுத்து வண்டியைக் கிளப்புகிறோம்.

இதையே நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஷிஃப்ட் தொழிலாளர்கள் 16 பேரை, இரவு தூங்கி எழுந்தபின் ஒரு முறையும், இரவு வேலை முடித்தபின் ஒரு முறையும் மூடிய சாலைத் தடத்தில் கார் ஓட்டச் சொன்னார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், தூங்கி எழுந்து ஓட்டியபோது விபத்தை ஒட்டிய நிலை ஒருமுறைகூட வரவில்லை. நைட் முடித்து ஓட்டியபோது 16 பேரில் 6 பேருக்கு, மொத்தம் 11 முறை வந்தது.

வண்டி ஓட்டாமல் போக ஏதாவது வழி இருந்தால் அதையே எடுங்கள். பேருந்து, ரயில், வீட்டில் ஒருவர் வந்து அழைத்துப்போவது, பகல் தூங்கி வந்திருக்கும் சக நர்ஸ் ஓட்டுவது, எதுவானாலும் சரி. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிளம்பும் முன் 15–20 நிமிடம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடுங்கள். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டை அலறவிடுவது இரண்டையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் ரொம்ப நேரம் நிற்பதில்லை. காபி குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணயர்வது அவற்றைவிட நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் காபி ரத்தத்தில் ஏறும் நேரமும் எழுந்திருக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. ஆனால் அந்தக் காபிக்கு வீட்டுக்குப் போனபின் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதை அப்புறம் சொல்கிறேன். உயிரா, பகல் தூக்கமா என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், காபியைக் குடியுங்கள்.

எழுந்தவுடன் கிளம்ப வேண்டாம். தூக்கக் கலக்கம் தெளிய 15 நிமிடமாவது ஆகும். முகம் கழுவி, நாலடி நடந்துவிட்டு அப்புறம் சாவியைத் தொடுங்கள்.

உ: வீட்டுக்குப் போனதும் தூங்குவது

இன்று இரவும் டியூட்டி என்றால் இதுதான் என் முதல் தேர்வு. தொடர்ச்சியாக 5–6 மணி நேரம் கிடைக்கும். தூக்க அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதே படுப்பதால் ஆழ்ந்த தூக்கம் முதலிலேயே வந்துவிடுகிறது. உடம்பைச் சீராக்குவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

இந்த வழியைக் கெடுப்பது வெளிச்சம். கண்ணுக்குள் பார்வைக்கென்று இல்லாமல் கடிகாரத்துக்கு நேரம் சொல்வதற்கென்றே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. நீல நிறம் கலந்த வெளிச்சத்துக்கு அவை அதிகமாகத் துடிக்கும். காலை வெயில் அப்படிப்பட்ட வெளிச்சம். அரை மணி நேரம் அதில் நடந்துவிட்டு வந்து திரையை இழுத்தால், கடிகாரத்துக்கு 'விடிந்துவிட்டது' என்று ஆள் அனுப்பிவிட்டுப் படுத்தது போலத்தான். நான் வார்டை விட்டு வெளியே வரும் முன்பே கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுவேன், வீட்டு வாசல் வரை கழற்ற மாட்டேன். ஓட்டும்போது மட்டும் போடாதீர்கள். மங்கலான வெளிச்சம் தூக்கத்தை இன்னும் இழுத்துவிடும்.

அறை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சாதாரண திரை போதாது. ஓரத்தில் விழும் ஒரு கீற்று வெளிச்சம் மதியம் நகர்ந்து முகத்துக்கு வந்துவிடும். கண்மறைப்புத் துணி ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை தீரும். போனை வேறு அறையில் வையுங்கள், அவசரத்துக்கு ஒரே ஓர் எண் மட்டும் ஒலிக்கும்படி. பசியோடு படுத்தாலும் தூக்கம் முறியும், வயிறு முட்டச் சாப்பிட்டாலும் முறியும். லேசாக ஏதாவது போதும்.

எனக்கு இதில் கஷ்டமாக இருந்தது வேறொன்று. வீட்டில் இருப்பவர்களுக்குப் பகல் என்பது பகல். "தூங்கிட்டுத்தானே இருக்க, எழுந்து கதவைத் திற" என்று அன்பாகவே எழுப்புவார்கள். இரவு 2 மணிக்கு அவர்களை நாம் எழுப்பினால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். 'என்னுடைய இரவு காலை 9 மணியிலிருந்து 3 மணி வரை' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். அதற்கப்புறம் யாரும் எழுப்பவில்லை. குழந்தைகளும் அந்தத் தாளை வாசிக்கப் பழகிவிட்டார்கள்.

பி: பிரித்துத் தூங்குவது

சின்னக் குழந்தை இருப்பவர்கள், வீட்டில் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் கிடைக்கும் என்று கனவுகூடக் காண முடியாது. அவர்களிடம் போய் 'இருட்டறையில் படுங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு இந்த வழி: காலையில் வந்ததும் 3–4 மணி நேரம், அப்புறம் வீட்டு வேலை, மறுபடியும் டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம்.

மொத்த மணிநேரம் ஒன்றாக இருந்தால், பிரித்துத் தூங்கியவர்கள் சேர்த்துத் தூங்கியவர்களைவிடப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. இதிலுள்ள பெரிய லாபம் அந்த இரண்டாவது துண்டுதான். காலையிலேயே தூங்கி மதியம் 2 மணிக்கு எழுந்தவர் இரவு டியூட்டி முடியும்போது 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பார். சாயங்காலம் 6 மணிக்குத் தூங்கி எழுந்தவருக்கு அதில் நாலைந்து மணி நேரம் மிச்சம். விடிகாலை 4 மணிக்கு மருந்து அளவைக் கணக்குப் போடும்போது அந்த வித்தியாசம் தெரியும். அதனால் 'உ' போட்ட நாளில்கூட, முடிந்தால், கிளம்பும் முன் அரை மணி நேரம் கண்ணயர்வதை நான் விடுவதில்லை.

ஒன்றரை மணி நேரம் என்று சொன்னதற்குக் காரணம், ஒரு முழுத் தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். நடுவில், 45–60 நிமிடத்தில் அலாரம் அடித்தால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்தது போல இருக்கும். தலை கனத்து, அரை மணி நேரத்துக்கு ஒன்றும் ஓடாது. 20 நிமிடம், இல்லையென்றால் 90 நிமிடம்.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். காலையில் தூங்கும் அந்தத் துண்டு எல்லா நாளும் ஒரே நேரத்தில் தொடங்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் வரும் நாலு மணி நேரத் தூக்கத்துக்குக் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தும் சக்தி உண்டு. 1980-களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் இதற்கு 'நங்கூரத் தூக்கம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பிரித்துத் தூங்கியும் தேறாதவர்கள் பெரும்பாலும் இந்த நங்கூரம் இல்லாமல், இன்று 8 மணி, நாளை 11 மணி என்று படுப்பவர்கள்தான்.

இ: இரவு வரை தாங்குவது

கடைசி நைட் முடிந்து நாளை ஆஃப் என்றால் மட்டும் இது. அடுத்த நைட் இருக்கும்போது இதைச் செய்வது ஆபத்து. அதை ஒரு வழியாகவே நான் எண்ணமாட்டேன்.

இதன் நோக்கம், பகல் வாழ்க்கைக்குச் சீக்கிரம் திரும்புவது. காலையில் முழுத் தூக்கம் தூங்கிவிட்டால் இரவு 2 மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்து, ஆஃப் நாளும் பாழாகிவிடும். அதற்காக ஒரு பொட்டுத் தூக்கம்கூட இல்லாமல் தாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. வந்ததும் ஒன்றரை மணி நேரம், அதிகபட்சம் மூன்று மணி நேரம், அலாரம் வைத்துத் தூங்கிவிட்டு எழுந்துவிடுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் இருங்கள். கறுப்புக் கண்ணாடி இன்று வேண்டாம். இரவு 9 மணிக்குப் படுத்தால் சரியாக இருக்கும்.

அந்தப் பகலில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டி ஓட்டுவது, பணம் கட்டுவது, குழந்தைக்கு மருந்து அளந்து கொடுப்பது, பழைய சண்டையைப் பேசித் தீர்ப்பது எல்லாம் நாளைக்கு. நான் ஒருமுறை இப்படித் தாங்கிக்கொண்டிருந்த மதியத்தில் அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரம் வைக்காமலேயே அடுத்த அறைக்குப் போய்விட்டேன். எரியும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அன்றிலிருந்து அந்த மூன்று மணி நேரத் தூக்கத்தை நான் குறைத்ததே இல்லை.

காபி, மது, மாத்திரை

காபியும் டீயும் அடினோசின் உட்காரும் இடத்தில் தாங்கள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. தூக்க அழுத்தம் குறைவதில்லை, தெரியாமல் மறைக்கப்படுகிறது. உடம்பில் உள்ள காஃபின் பாதியாகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு கண்டது. அதனால் 12 மணி நேர நைட்டில் முதல் பாதியோடு காபியை நிறுத்திவிடுவது நல்லது. விடிகாலை 5 மணிக்குக் குடிக்கும் அந்தக் கடைசிக் கப்புதான் மதியம் 12 மணிக்கு எழுப்பிவிடுகிறது. முதல் பாதியிலும் ஒரே மூச்சில் பெரிய கப்பாகக் குடிப்பதைவிட இரண்டு முறை சிறு அளவாகக் குடிப்பது மேல்.

மதுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பகலில் தூங்குவதற்காக அதைத் தொட்டவர்களை இந்த வேலையில் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மை. ஆனால் இரண்டாம் பாதித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். பகல் தூக்கத்துக்கு ஏற்கெனவே இரண்டாம் பாதிதான் பலவீனம். தூக்க மாத்திரையை நம் கையில் மருந்து அலமாரிச் சாவி இருக்கிறது என்பதற்காக நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் போய், எழுதி வாங்கி, எத்தனை நாளைக்கு என்று கேட்டு எடுங்கள்.

காலும் மனசும்

தூங்கி எழுந்தும் களைப்பு போகவில்லை என்றால் அது தூக்கக் களைப்பாக மட்டும் இருக்காது. சாக்ஸைக் கழற்றியதும் கணுக்காலுக்கு மேலே விழுந்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி நிற்கிறதா? மணிக்கணக்காக நின்றதில் நீர் கீழே இறங்கிவிட்டது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே ஏறும். ஒரே இடத்தில் நின்றால் அந்த பம்ப் ஓடாது. டியூட்டியில் நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் போட்டால் வீக்கம் குறைகிறது. சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருப்பவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டில் 15 நிமிடம் காலைச் சுவரில் சாய்த்து உயர்த்திப் படுத்தாலே கனம் இறங்கும். எத்தனை நாளானாலும் வடியாத வீக்கம், ஒரு காலில் மட்டும் வரும் வீக்கம் இரண்டையும் களைப்புக் கணக்கில் எழுதாமல் காட்டிவிடுங்கள்.

மனசின் களைப்பு இன்னும் பிடிவாதமானது. குளிக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே மருந்தை மெதுவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பின் அலாரம் கேட்கும். குழாயை மூடிவிட்டு நின்று கேட்டால் ஒன்றும் இருக்காது. படுத்ததும் 'மூன்றாம் படுக்கைக்கு டிரெஸிங் மாற்றச் சொன்னேனா?' என்று தோன்றும். உடனே வார்டுக்குப் போன் செய்வோம். தூக்கம் போயிற்று.

இதற்கு இரண்டு வழி உண்டு. வீட்டுக்கு வந்து யாரிடமாவது பேசித் தீர்ப்பது ஒன்று, வார்டிலேயே இறக்கிவைத்துவிட்டு வருவது இன்னொன்று. சிலருக்குப் பேசினால்தான் ஆறும். ஆனால் தூங்கப் போகும் முன் நடந்ததையெல்லாம் மறுபடி பேசினால் எனக்கு நெஞ்சு படபடப்பு கூடிவிடுகிறது. நான் பேச்சைத் தூங்கி எழுந்தபின் வைத்துக்கொள்கிறேன். ஹேண்ட்ஓவர் முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விட்டுப்போனது எது, யாரிடம் ஒப்படைத்தேன் என்று எழுதி அந்தத் தாளை அடுத்த ஷிஃப்ட்டிடமே கொடுத்துவிடுவேன். படுக்கும் முன் செய்ய வேண்டியதை ஐந்து நிமிடம் எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018-இல் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. நோயாளி பெயர் எழுதிய தாள் எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது என்பது வேறு விஷயம், அதையும் இந்தப் பழக்கம் காப்பாற்றிவிடுகிறது.

ஒருவர் இறந்துபோன இரவுக்கு இந்தத் தாள் போதாது. அன்றைக்குத் தனியாக வீட்டுக்குப் போகாதீர்கள். கூட இருந்தவரோடு பத்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மூன்று வழியும் கைகொடுக்கவில்லை என்றால்

அப்போது மாற்ற வேண்டியது ரோஸ்டரை. இங்கும் தேர்வுகள் இருக்கின்றன.

'நிரந்தரமாக நைட் வாங்கிக்கொள், உடம்பு பழகிவிடும்' என்று சொல்வார்கள். பழகுவதில்லை. நிரந்தர இரவுப் பணியாளர்களின் உடம்பில் மெலடோனின் (இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன்) ஓட்டத்தை அளந்த ஆய்வுகளை 2008-இல் தொகுத்துப் பார்த்தபோது, கடிகாரம் முழுமையாக மாறியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு நன்றாக மாறியவர்கள்கூட நாலில் ஒருவருக்கும் குறைவு. காரணம், ஆஃப் நாளில் எல்லோரும் பகலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நிரந்தர நைட்டில் உண்மையான வசதி ஒன்று உண்டு: வீட்டு ஏற்பாடுகளைத் திட்டமிட முடியும். அந்த வசதிக்காக எடுத்தால் எடுங்கள், உடம்பு பழகும் என்பதற்காக வேண்டாம்.

மாறி மாறி வரும் ஷிஃப்ட் என்றால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி நகரும் வரிசையைக் கேளுங்கள். மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். அதனால் தள்ளிப் படுப்பது எளிது, முன்கூட்டிப் படுப்பது கஷ்டம். இரவிலிருந்து மாலை, மாலையிலிருந்து காலை என்று பின்னோக்கி வரும் வரிசை இரட்டைக் கஷ்டம்: இடைவெளியும் சுருங்கிவிடும்.

12 மணி நேரமா, 8 மணி நேரமா என்பதில் நான் மனம் மாறியவள். அதிக ஆஃப் நாட்கள் கிடைக்கிறதே என்று 12 மணி நேரத்தை விரும்பினேன், இன்றும் பலர் விரும்புகிறார்கள். ஆனால் 12 ஐரோப்பிய நாடுகளில் 31,627 நர்ஸ்களிடம் எடுத்த ஆய்வில், 12 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களிடம் எரிந்துபோகும் நிலையும் (பர்ன்அவுட்) வேலையை விட்டுவிடும் எண்ணமும் கூடுதலாக இருந்தன. 2004-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஷிஃப்ட் 12.5 மணி நேரத்தைத் தாண்டும்போது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காவதைக் கண்டது. அந்த எண்ணைக் கவனியுங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் அரை மணி நேரம், அவ்வளவுதான். 'கொஞ்ச நேரம் இரு சிஸ்டர், ஆள் வந்துவிடும்' என்று கேட்கும் அந்த அரை மணி நேரம். வீட்டில் உதவி இருந்து, தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் இல்லாமல், நேரத்துக்கு வெளியே வர முடிந்தால் 12 மணி நேரம் தாங்கக்கூடியது. நேரத்துக்கு விடாத இடத்தில் 8 மணி நேரம்தான் என் பரிந்துரை, அது 9 ஆனாலும் 13 ஆகாது.

கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் நர்ஸ்களுக்கென்றே ஓர் உடன்படிக்கையும், அதோடு 157-ஆம் பரிந்துரையும் நிறைவேற்றியது. ஓவர்டைமும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு டியூட்டிக்கு நடுவில் தொடர்ச்சியாக 12 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், வார ஓய்வு எந்த நிலையிலும் தொடர்ச்சியான 36 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அந்தப் பரிந்துரை. அது சட்டம் இல்லை, பரிந்துரைதான். ஆனாலும் 'எனக்கு முடியவில்லை' என்று சொல்வதற்கும், 'உலக அளவில் ஒப்புக்கொண்ட ஓய்வு இடைவெளி எனக்குக் கிடைக்கவில்லை' என்று சொல்வதற்கும் கேட்பவர் காதில் வித்தியாசம் உண்டு.

ஒருமுறை ஜூனியர் ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, மூணு நாள் ஆஃப்ல தூங்கியாச்சு. ஆனா டியூட்டிக்கு வரணும்னு நினைச்சாலே அழுகை வருது. பேஷன்ட் கூப்பிட்டா கோபம் வருது. முன்ன நான் அப்படி இல்லையே" என்றாள். அவளுக்குத் தூக்கம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் எரிந்துபோகும் நிலைக்குச் சொன்ன மூன்று அடையாளமும் அவள் பேச்சில் இருந்தன: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு வருவது, தன்னால் எதுவும் சரியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. இருட்டறையாலும் கண்மறைப்பாலும் அது தீராது. மனநல ஆலோசகரைப் பார்க்க அவளோடு நானும் போனேன். அவளுடைய நைட்களைக் குறைக்கச் சொல்லிச் சேர்ந்தே கேட்டோம்.

கேட்பதற்கு முன் அவள் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாள். ரோஸ்டரில் போட்ட நேரம், உண்மையில் வெளியே வந்த நேரம், எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு விழித்தாள், வழியில் எத்தனை முறை கண் சொக்கியது. 14 வரிசைதான். மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர் அதை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை வாசித்தார். அப்புறம் பேனாவை எடுத்து, அடுத்த மாத ரோஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார்.